மென்டல்சோனின் டி மைனர் ட்ரையோ: கலக்காத மூன்று குரல்களை நேரில் கேட்பது

கேள்வி இது: ‘பியானோ, வயலின், செல்லோ மூன்றும் சேர்ந்து வாசிக்கும் பியானோ ட்ரையோவை முதல் முறையாக நேரில் கேட்கப் போகிறேன். நிகழ்ச்சியில் மென்டல்சோனின் டி மைனர் ட்ரையோ இருக்கிறது. வீட்டில் ஒரு தடவை போட்டுக் கேட்டேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அரை மணி நேரம் மூன்று பேரும் ஓயாமல் வாசிப்பது போலவும், பியானோ மற்ற இரண்டையும் அமுக்கிவிடுவது போலவும் பட்டது. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?’

பியானோ மற்ற இரண்டையும் அமுக்குகிறது என்று உங்களுக்குத் தோன்றியதில் தப்பே இல்லை. அந்த வாத்தியச் சேர்க்கையின் அடிப்படைச் சிக்கல் அது. உங்களுக்கு முன்னால் பெரிய ஆட்களுக்கே அப்படித்தான் தோன்றியிருக்கிறது. 1880ல் ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியிடம் அவருடைய புரவலரான நடேஷ்தா ஃபான் மெக் ஒரு ட்ரையோ எழுதித் தரக் கேட்டார். பியானோவையும் வயலினையும் செல்லோவையும் சேர்த்துக் கேட்பது தனக்குச் சித்திரவதை, அந்தக் குரல்கள் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது என்று சொல்லி சைகோவ்ஸ்கி மறுத்துவிட்டார். அடுத்த வருடம் மார்ச்சில் நண்பர் நிகொலாய் ரூபின்ஸ்டைன் பாரிஸில் இறந்துபோனார். அந்த வருடக் கடைசியில் ரோமில் இருந்தபோது, நண்பரின் நினைவாகத் தான் வேண்டாம் என்ற அதே மூன்று வாத்தியங்களுக்கு ஒரு பெரிய ட்ரையோவை எழுத உட்கார்ந்தார் சைகோவ்ஸ்கி. ஒட்டாது என்று அவர் சொன்னது உண்மைதான். ஒட்டாமல் இருப்பதில்தான் இதன் சுவையும் இருக்கிறது. நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இந்த ஒன்றுதான், மீதியெல்லாம் இதன் விளக்கம்.

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் கம்பியை அடிக்கிறது. கோயில் மணியை அடித்ததுபோல, அடித்த கணத்தில் ஒலி உச்சத்தில் இருக்கும், அப்புறம் தேய்ந்துகொண்டே போகும். வாசிப்பவர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் அடித்து முடித்த சுரத்தை வளர்க்க முடியாது. வயலினும் செல்லோவும் நேர்மாறு. வில் கம்பியைத் தொட்ட பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. சன்னமாகத் தொடங்கி, நடுவில் பெருக்கி, கடைசியில் இழைத்து முடிக்கலாம். ஒன்று தேயும் ஒலி, மற்றது வளரும் ஒலி. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்த குவார்ட்டெட்டில் நான்கும் ஒரே குடும்பம் என்பதால் ஒலி ஒன்றாகக் குழைந்துவிடும். ட்ரையோவில் அது நடக்காது. ரொமான்டிக் காலத்து இசையமைப்பாளர்கள், அதாவது ஏறக்குறைய 1820களிலிருந்து அந்த நூற்றாண்டின் முடிவு வரை எழுதியவர்கள், இந்த வேறுபாட்டை மறைக்கப் பார்க்கவில்லை. ஒரே மெட்டை ஒரு வாத்தியத்திடமிருந்து இன்னொன்றிடம் கொடுத்து, கை மாறும்போது அது என்ன ஆகிறது என்று காட்டினார்கள்.

கொஞ்சம் பின்னணி. 18ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஹைடன் காலத்தில் ட்ரையோ என்பது பெரும்பாலும் பியானோக்காரரின் சொத்து. அச்சிடும்போதே ‘வயலின், செல்லோ துணையுடன் பியானோவுக்கான சொனாட்டா’ என்றுதான் போடுவார்கள். அந்தக் காலத்துப் பியானோவின் கீழ்ச்சுரங்கள் மெலிந்தவை. அதனால் இடது கை வாசிப்பதையே செல்லோவும் கூட வாசித்துக் கனம் சேர்க்கும். பாவம், செல்லோக்காரருக்குத் தனியாகச் சொல்ல அதிகம் இருக்காது. 1795ல் வெளிவந்த தன் முதல் ட்ரையோக்களிலேயே பீத்தோவன் அந்தக் கட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். ஷூபர்ட் இன்னும் அவிழ்த்துவிட்டார். 1839ல் மென்டல்சோன் டி மைனர் ட்ரையோவை எழுதியபோது முதல் வார்த்தையையே செல்லோவிடம் கொடுத்துவிட்டார்.

அந்த ட்ரையோ 1840 பிப்ரவரி 1 அன்று லைப்சிக் நகரின் கெவான்ட்ஹவுஸ் அரங்கில் முதல்முறையாக வாசிக்கப்பட்டது. பியானோவில் மென்டல்சோன், வயலினில் ஃபெர்டினாண்ட் டாவிட், செல்லோவில் விட்மன். மென்டல்சோனின் புகழ்பெற்ற வயலின் கான்செர்ட்டோவை (ஆர்கெஸ்ட்ராவோடு தனி வயலின் வாசிக்கும் படைப்பு) ஐந்து வருடம் கழித்து முதலில் வாசித்தவரும் இதே டாவிட்தான். அன்றைய அரங்கம் சுமார் 500 பேர் உட்காரும் அளவுதான். பியானோவின் கட்டுமானத்தில் மரம் அதிகம், இரும்பு குறைவு, ஒலி இன்றையதைவிட லேசானது. வயலினிலும் செல்லோவிலும் இருந்தவை ஆட்டுக்குடல் நரம்புகள். இன்றைய கான்சர்ட் கிராண்ட் பியானோவுக்கு சுமார் 274 சென்டிமீட்டர் நீளம், அதன் கம்பிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 20 டன். அதன் பக்கத்தில் வயலினை வைத்துப் பாருங்கள். மென்டல்சோன் எழுதிய சமநிலை வேறு வாத்தியங்களுக்கானது. இன்று வாசிப்பவர்கள் ஒவ்வொரு மேடையிலும் அந்தச் சமநிலையைப் புதிதாக உருவாக்கியாக வேண்டும். ரெக்கார்டிங்கில் மைக்கை அருகில் வைத்து இதைச் சரிக்கட்டிவிடலாம், அல்லது உங்களுக்குக் கேட்டதுபோல் கெடுத்தும் விடலாம். மேடையில் அந்தச் சௌகரியம் இல்லை.

சரி, இசைக்கு வருவோம். நான்கு பகுதிகள், மொத்தம் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் பகுதிக்கு முன்னுரையே கிடையாது. எடுத்த எடுப்பில் செல்லோ ஒரு நீண்ட மெட்டைத் தாழ்ந்த குரலில் பாட ஆரம்பித்துவிடும். கீழே பியானோ மென்மையான கூட்டுச்சுரங்களை வைத்துக்கொண்டே போகும். ஆனால் அவை தாளத்தின் அடி விழும் இடத்தில் விழாது, அடிகளுக்கு நடுவில் விழும். வயலின் இன்னும் பேசவே இல்லை. இந்த முதல் சில விநாடிகளிலேயே அன்றைய மூவரும் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். செல்லோவின் மெட்டு அமைதியாகப் போகிறது, அடியில் ஏதோ நிலைகொள்ளாமல் தவிக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால் பியானோக்காரர் தன் வேலையைத் தெரிந்தவர். பியானோவின் தட்டல்களைத் தனித்தனியாக எண்ண முடிகிறது என்றால் அன்றைய சாயங்காலம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

இந்தப் பகுதிக்கு மென்டல்சோன் கொடுத்திருக்கும் குறிப்பின் பொருள் ‘மிக வேகமாக, கலக்கத்துடன்’. பல குழுக்கள் அந்தக் குறிப்பின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட்டப்பந்தயம் விடுகின்றன. கலக்கம் வேகத்தால் வருவதில்லை. மேலே நீளமான மெட்டு, கீழே இடம் மாறி விழும் தட்டல், இந்த இழுபறியிலிருந்து வருகிறது. அவசரப்பட்டால் மெட்டுக்கு மூச்சு விட இடமில்லாமல் போய், கலக்கமும் போய்விடும்.

கொஞ்ச நேரத்தில் வயலின் சேரும், ஒலி பெருகும், அப்புறம் பியானோ முழு பலத்துடன் இறங்கும். அங்கே அதன் மேல் கோபப்படாதீர்கள், அது அதன் முறை. அந்த ஆரவாரம் அடங்கியதும் இரண்டாவது மெட்டு ஏ மேஜரில், அதாவது மைனரின் இருண்ட சாயலுக்கு மாறான வெளிச்சமான சுர அமைப்பில் வரும். அதையும் செல்லோதான் முதலில் எடுக்கும். முதல் மெட்டில் மனதைத் திறந்து காட்டாத செல்லோ இங்கே காட்டும். இந்த இரண்டு மெட்டுகளையும் அடையாளம் கண்டுகொண்டால் முதல் பகுதியின் பாதை கையில் வந்துவிட்டது. நடுவில் அவை துண்டாகும், சுருதி மாறி அலையும். எந்தத் துண்டு எந்த மெட்டிலிருந்து வந்தது என்று துப்பறிய வேண்டாம், அலைச்சலோடு போனால் போதும்.

இந்தப் பகுதியில் நான் காத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. அலைச்சல் முடிந்து முதல் மெட்டு டி மைனரில் திரும்பி வரும் இடம். மறுபடியும் செல்லோவிடம்தான் வருகிறது. ஆனால் முதலில் வாயே திறக்காமல் இருந்த வயலின் இப்போது அதன் மேல் புதிதாக ஒரு வரியை இழைக்கிறது. ஆரம்பத்தில் தனியாகப் பேசிய செல்லோவுக்கு இப்போது பதில் சொல்ல ஆள் இருக்கிறது. சாதாரணமாக இந்த வகை அமைப்பில் மெட்டு திரும்பும்போது, பழைய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்ற நிம்மதி இருக்கும். இங்கே அந்த நிம்மதியோடு நடுவில் நடந்ததெல்லாம் நினைவில் இருப்பது போலவும் ஒலிக்கும். நல்ல வயலின் கலைஞர் இந்த வரியை ரொம்ப உரக்க வாசிக்க மாட்டார். மெட்டு செல்லோவுடையது, தான் பக்கத்தில் நிற்பவர் என்று அவருக்குத் தெரியும். கொஞ்சம் தன்னை முன்னிறுத்தினாலும் அந்த இடம் கெட்டுவிடும்.

நான் முதலில் சொன்ன தேயும் ஒலி, வளரும் ஒலி விஷயத்தை இரண்டாவது பகுதி பாடம் நடத்துவது மாதிரி எடுத்துக் காட்டும். பி ஃப்ளாட் மேஜரில் ஒரு மெதுவான மெட்டு. ஆரம்பத்தில் பியானோ மட்டும் தனியாக அதை வாசிக்கும். மற்ற இருவரும் வில்லை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். பியானோவுக்கென்று ‘சொற்களில்லாப் பாடல்கள்’ என்ற சின்னச் சின்னப் படைப்புகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டவர் மென்டல்சோன். இதுவும் அந்த ரகம். பாட முடியாத வாத்தியத்தைப் பாட வைக்கும் வித்தை. மேலே வலது கையின் விளிம்பு விரல்கள் மெட்டைப் பிடித்துக்கொள்ள, மற்ற விரல்கள் நடுவில் பக்கவாத்தியம் செய்யும். ஒவ்வொரு சுரமும் அடித்த கணத்திலிருந்து தேய்கிறது. ஆகவே அடுத்த சுரத்தை, முந்தையது தேய்ந்து நிற்கும் அளவுக்குப் பொருந்துகிற மாதிரி வைக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் இணைந்ததாகக் காதுக்குப் படும். அந்த இணைப்பை உங்கள் காதுதான் போட்டுக்கொள்கிறது. அதை நம்ப வைப்பதில் இருக்கிறது பியானோக்காரரின் திறமை.

அது முடிந்ததும் அதே மெட்டை வயலின் எடுத்துக்கொள்கிறது, செல்லோ கூடச் சேர்கிறது. அதே சுரங்கள்தான். ஆனால் பியானோ நம்ப மட்டுமே வைத்த ஒரு விஷயம் இங்கே நிஜமாகவே நடக்கிறது. நீண்ட சுரம் தேயாமல் வளர்கிறது, ஒன்று இன்னொன்றுக்குள் வழுக்கிப் போகிறது. இந்தக் கைமாற்றத்தை மட்டும் கவனித்துக் கேட்டீர்கள் என்றால் உங்கள் கேள்விக்கு என் எழுத்து தேவையே படாது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நல்ல குழுவில் வயலின் கலைஞர், பியானோக்காரர் அன்று அந்த மெட்டை எங்கே நிறுத்தி மூச்சு விட்டார் என்று கேட்டு வைத்திருந்து, அதற்கு ஒட்டியோ வெட்டியோ பதில் சொல்வார். வீட்டிலிருந்து தயார்செய்து கொண்டுவந்ததை அப்படியே ஒப்பிப்பவரும் உண்டு. நேரில் கேட்கும்போது இந்த வித்தியாசம் தெரியாமல் போகாது.

நடுவில் மைனருக்குத் திரும்பி, பியானோவின் கூட்டுச்சுரங்கள் மும்மூன்றாகத் துடிக்க, கொஞ்சம் இருட்டும். அப்புறம் பழைய மெட்டு திரும்பும். இந்தப் பகுதியை இனிப்பு அதிகம் என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். ரொம்ப மெதுவாக இழுத்தால் அப்படித்தான் ஆகும். ‘நகர்ந்துகொண்டே, அமைதியாக’ என்பதுதான் மென்டல்சோனின் குறிப்பு. நகர்வதை மறந்துவிட்டு அமைதியை மட்டும் எடுத்துக்கொண்டால் திகட்டும்.

மூன்றாவது பகுதி ஸ்கெர்ட்சோ, அதாவது வேகமான, விளையாட்டுத்தனமான பகுதி. மென்டல்சோன் இந்த வகையில் சின்ன வயதிலேயே ராஜா. 16 வயதில் எட்டு வாத்தியங்களுக்கு எழுதிய ஆக்டெட்டிலும், 17 வயதில் எழுதிய ‘நடுவேனில் இரவுக் கனவு’ முன்னிசையிலும் இதே மாதிரி இறகு எடையில் ஓடும் இசை இருக்கிறது. இங்கே டி மேஜரில் துணுக்குத் துணுக்கான வரிகள் பியானோவிலிருந்து வயலினுக்கும் செல்லோவுக்கும் தாவிக்கொண்டே இருக்கும். வில்லைப் பாருங்கள், கம்பியில் படுத்துக்கிடக்காமல் துள்ளும். பியானோக்காரருக்கு இது மகா கஷ்டம். 1840ன் பியானோவைவிட இன்றைய பியானோவின் கட்டைகள் கனம், அழுத்தும் ஆழமும் அதிகம். அதில் இவ்வளவு வேகமாக, இவ்வளவு சன்னமாக, ஒவ்வொரு சுரமும் தெளிவாக வாசிப்பது விரல் பலத்தைவிடக் கட்டுப்பாட்டுக்கான சோதனை. கடைசியில் எல்லாம் சட்டென்று கரைந்து மறைந்துவிடும். அரங்கில் யாராவது மெல்லச் சிரிப்பார்கள். அது மரியாதைக் குறைவு இல்லை, நகைச்சுவை சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான்காவது பகுதியைப் பற்றி ஊரோடு ஒத்துப்போக எனக்கு முடியவில்லை. எனக்கு இது நான்கிலும் பலவீனமானது. நீண்ட ஒன்று, குட்டை இரண்டு என்று ஒரு தாள வடிவம் விடாப்பிடியாக வந்துகொண்டே இருக்கும், பியானோ சுரங்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு பாட்டு வந்து மூச்சுவிட வைக்கும், கடைசியில் டி மைனரிலிருந்து டி மேஜருக்குத் திரும்பி வெளிச்சத்தோடு முடியும். அந்தத் திருப்பம் வேலை செய்யும், கைதட்டலும் நிச்சயம். ஆனால் உங்களுக்கு ‘ஓயாமல் வாசிக்கிறார்கள்’ என்று தோன்றியது இங்கேதான் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை.

அந்தச் சுரக் கொட்டலுக்கு ஒரு கதை உண்டு. மென்டல்சோன் இதை எழுதியபோது நண்பர் ஃபெர்டினாண்ட் ஹில்லர் லைப்சிக்கில் இருந்தார். ஹில்லர் பாரிஸில் லிஸ்டோடும் ஷோபனோடும் பழகியவர், பியானோவில் என்னென்ன புதிதாக நடக்கிறது என்று அறிந்தவர். இசை பிரமாதம், ஆனால் பியானோ பகுதியின் வேலைப்பாடு கொஞ்சம் பழைய பாணியாக இருக்கிறது என்று அவர் சொல்ல, மென்டல்சோன் முதலில் தயங்கிவிட்டு, பிறகு பியானோ பகுதியைத் திருத்தி எழுதினார். இன்று நாம் கேட்பது அந்தத் திருத்திய வடிவம். பியானோ இவ்வளவு மினுமினுப்பாக இருப்பதில் ஹில்லருக்கும் பங்கு இருக்கிறது. நல்லது செய்தாரா இல்லையா என்று நான்காவது பகுதியைக் கேட்கும்போதெல்லாம் நான் யோசிப்பதுண்டு. இசையமைப்பாளரும் விமர்சகருமான ஷூமனுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. தன் பத்திரிகையில் எழுதிய விமர்சனத்தில், பீத்தோவனின் பி ஃப்ளாட், டி ட்ரையோக்களும் ஷூபர்ட்டின் ஈ ஃப்ளாட் ட்ரையோவும் அவற்றின் காலத்துக்கு எப்படியோ அப்படி இது நம் காலத்தின் தலைசிறந்த ட்ரையோ என்றார். மென்டல்சோனை 19ம் நூற்றாண்டின் மொத்சார்ட் என்று அவர் அழைத்ததும் அதே கட்டுரையில்தான்.

இனி மேடை. வழக்கமாக வயலின் உங்களுக்கு இடப்பக்கமும் செல்லோ பியானோவின் வளைவை ஒட்டியும் இருக்கும். பியானோவின் மூடி முழுதாகத் திறந்திருக்கிறதா, குட்டைக் கழியில் நிற்கிறதா என்று பாருங்கள். முழுதாகத் திறந்தால் சத்தம் அதிகம் என்று நினைத்துச் சிலர் பாதி மூடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. பாதி மூடினால் சத்தம் அவ்வளவாகக் குறையாது, தெளிவுதான் போகும். மூடியை முழுதும் திறந்துவிட்டு விரலாலும் பெடலாலும் அடக்குபவர்தான் என் கட்சி. தொடங்கும் முன் பியானோக்காரர் ‘ஏ’ சுரத்தைக் கொடுப்பார், மற்ற இருவரும் அதற்கு ஸ்ருதி சேர்த்துக்கொள்வார்கள். பியானோவின் ஸ்ருதியை மேடையில் மாற்ற முடியாது, எனவே மற்றவர்கள்தான் அனுசரித்துப் போக வேண்டும். வயலினும் செல்லோவும் ஒரே மெட்டை ஸ்தாயி வித்தியாசத்தில் சேர்ந்து வாசிக்கும் இடங்கள் ரொமான்டிக் ட்ரையோக்களில் நிறைய உண்டு. பியானோவின் பெருக்கை எதிர்கொள்ள இருவரும் கைகோத்துக்கொள்ளும் உத்தி அது. ஸ்ருதி கொஞ்சம் பிசகினாலும் அங்கே அம்பலமாகிவிடும். பிசகாமல் சேர்ந்தால் இரண்டும் புதிதாக ஒரு வாத்தியம் போல ஒலிக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வயலின், செல்லோ கலைஞர்கள் முன்னால் அவரவர் பகுதி மட்டும்தான் இருக்கும். பியானோக்காரர் முன்னால் மூன்று பேருடைய வரிகளும் இருக்கும். அதனால்தான் அவருக்குப் பக்கம் புரட்ட ஓர் ஆள் தேவைப்படுகிறது, இப்போதெல்லாம் டேப்லெட்டும் காலால் அழுத்தும் பெடலும் வந்துவிட்டன. முழு வரைபடமும் கையில் இருக்கும் ஆள்தான் மூவரில் அதிகச் சத்தம் போடக்கூடியவரும். அந்த அதிகாரத்தை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதை வைத்தே நான் ஒரு குழுவை எடைபோடுவேன். வயலின்காரர் ஒரு வரி தொடங்கும் முன் மூக்கால் இழுக்கும் மூச்சு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். மற்ற இருவருக்கும் அதுதான் சைகை.

உட்கார இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஏழெட்டு வரிசை தள்ளி நடுவில் உட்காருங்கள். முதல் வரிசையில் வில்லின் உரசல் நன்றாகக் கேட்கும், ஆனால் மூன்றும் தனித்தனித் துண்டாக இருக்கும். பகுதிகளுக்கு நடுவில் கைதட்டுவது இன்று வழக்கமில்லை. ஆனால் மென்டல்சோன் காலத்தில் தட்டினார்கள், பிடித்த பகுதியைத் திரும்ப வாசிக்கவும் சொன்னார்கள். அவருக்கே அது அவ்வளவாகப் பிடிக்காது போலிருக்கிறது. தன் ‘ஸ்காட்டிஷ்’ சிம்பொனியின் பகுதிகளை வழக்கமான இடைவெளி விடாமல் தொடர்ந்து வாசிக்க வேண்டும் என்று எழுதியே வைத்தார். யாராவது தப்பித் தவறித் தட்டினால் திரும்பி முறைக்காதீர்கள், அவ்வளவுதான்.

போவதற்கு முன் எந்த ரெக்கார்டிங்? வேறு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், ஒரே நாளில் இரண்டு வேண்டாம். பியானோவில் கோர்த்தோ, வயலினில் தீபோ, செல்லோவில் காசல்ஸ் மூவரும் 1927ல் பதிவு செய்தது பழைய இரைச்சலோடுதான் வரும், ஆனால் தொடக்கத்து மெட்டை காசல்ஸ் எடுக்கும் விதத்துக்காகவே அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதே காசல்ஸ் 1961 நவம்பர் 13 அன்று, 84 வயதில், வெள்ளை மாளிகையில் கென்னடி முன்னிலையில் இதே ட்ரையோவை ஷ்னைடர், ஹோர்ஷோவ்ஸ்கியுடன் வாசித்தார். ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியை ஏற்றுக்கொண்ட நாடுகளில் வாசிப்பதில்லை என்று விரதம் இருந்தவர் அவர், அதைத் தளர்த்திக்கொண்டு வந்தார். 1904ல் தியோடர் ரூஸ்வெல்ட் காலத்திலும் அதே மாளிகையில் வாசித்திருக்கிறார். அந்த 1961 பதிவும் கிடைக்கிறது. விரல்கள் முன்போல இல்லை, சில இடங்களில் முனகல் கூடக் கேட்கும், ஆனாலும் அது நேரில் கேட்பதன் ருசியைத் தரும்.

1950ல் ஹைஃபெட்ஸ், பியாட்டிகோர்ஸ்கி, ஆர்தர் ரூபின்ஸ்டைன் என்ற மூன்று நட்சத்திரங்கள் சேர்ந்து பதிவு செய்ததும் பிரபலம். தனித்தனியாக அவர்களைக் குறை சொல்ல யாரால் முடியும்? இருந்தாலும் அங்கே மூன்று தனிக் கச்சேரிகள் ஒரே நேரத்தில் நடப்பது போல எனக்குக் கேட்கும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் போஸார் ட்ரையோ இருக்கிறது. 1955ல் தொடங்கி 2008 வரை நடந்த குழு. வயலினும் செல்லோவும் கைமாறிக்கொண்டே இருந்தன, பியானோவில் கடைசிவரை மெனாஹெம் பிரெஸ்லர் ஒருவரே. நட்சத்திரக் கூட்டணியைவிட, வருடக்கணக்காக ஒன்றாக ஊர் சுற்றிய குழுவுக்கு டிக்கெட் வாங்கவே நான் சொல்வேன். உங்கள் அன்றைய நிகழ்ச்சியில் வருபவர்கள் எந்த ரகம் என்று ஒருமுறை பார்த்து வையுங்கள்.

இது பிடித்துப்போனால் அடுத்து என்ன கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மென்டல்சோனின் அக்கா ஃபான்னி ஹென்செலும் ஒரு ட்ரையோ எழுதியிருக்கிறார், அதுவும் டி மைனர்தான். 1847 ஏப்ரலில் தங்கை ரெபெக்காவின் பிறந்தநாளுக்குக் குடும்பத்தில் வாசிக்கப்பட்டது. அடுத்த மாதமே ஃபான்னி இறந்துபோனார், ட்ரையோ 1850ல்தான் அச்சேறியது. தம்பியுடையதை அடுத்து உடனே கேட்டுப் பாருங்கள். தம்பி எங்கே நயமாக ஒதுங்கிப் போகிறாரோ அங்கே அக்கா நேராக மோதுகிறார். முதல் பகுதியில் பியானோ அடியில் புரண்டுகொண்டே இருக்க, மேலே வயலினும் செல்லோவும் ஸ்தாயி வித்தியாசத்தில் சேர்ந்து பாடும். நான் மேலே சொன்ன கைகோத்துக்கொள்ளும் உத்தி அங்கே நன்றாகத் தெரியும்.

அதற்கடுத்து ஷூபர்ட்டின் ஈ ஃப்ளாட் ட்ரையோ, 1827ல் எழுதியது. அதன் இரண்டாவது பகுதியில் பியானோ ஒரு நடைபோட, செல்லோ ஒரு சோக மெட்டைப் பாடும். வியன்னாவில் ஸ்வீடன் நாட்டுப் பாடகர் ஒருவர் பாடக் கேட்ட பாட்டிலிருந்து ஷூபர்ட் பிடித்துக்கொண்ட பொறி அது. நீளம் அதிகம், முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகலாம், அதனால் பசியோடு போகாதீர்கள். அந்த மெட்டைக் காதில் வைத்துக்கொண்டு கடைசிப் பகுதிக்கு வாருங்கள். சம்பந்தமில்லாத ஓட்டத்துக்கு நடுவில் அதே மெட்டை செல்லோ திரும்ப எடுக்கும். அந்த இடத்தில் பியானோவும் வயலினும் என்ன செய்கின்றன என்று கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். பிராம்ஸைப் பற்றி அப்போது பேசலாம்.